வழுக் காண்டலும் உரைத்தலும்

நுழையும்முன்

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவற்றுள், எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் இசைவளிக்கப்பட்ட நிரல்கள் கலந்துள்ளன. அவற்றில் பிழை கண்டவர் அதனை எழுதி உரியவருக்கு அனுப்பலாம். அவ்வாறு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. தரவுகளை மறைத்துக் காக்கும் நிரல் ஒன்றில் ஒரு தமிழ்ச் சொல் சிதைந்தால், அதை யார் காண்பார், எப்படி எழுதுவார், எவரிடம் சொல்வார் என்பன இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

வழுவும் வழுவமைதியும்

இலக்கணம் பயின்றோருக்கு ‘வழு’ புதிய சொல்லன்று. திணை, பால், இடம், காலம் முதலியன பிறழ்ந்து வருவது வழு. பிறழாது வருவது வழாநிலை. பிறழ்ந்து வந்தும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கணினித் தமிழை வளர்த்தோர் மென்பொருளில் நேரும் பிழைக்கும் வழு என்னும் இச்சொல்லையே வழங்கினர். மிகப் பொருத்தமான தேர்வு இது. ஏனெனில் அம்மூன்று நிலைகளும் மென்பொருளிலும் உள்ளன. எழுதியவர் எண்ணியவாறு நிரல் இயங்குவது வழாநிலை. மாறி இயங்குவது வழு. “இது தெரிந்தே விடப்பட்டது, இதற்கு இன்ன காரணம் உண்டு” என்று நிரலை எழுதியவர் விடையளித்தால், அது வழுவமைதி.

ஒரு நூலின் குற்றத்தைப் பலர் முன்னிலையில் ஆராய்ந்து உரைப்பது நம் மரபில் பழமையானது. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகிறது. கேட்போர் வினவ, ஆசிரியர் விடையளித்து நூலை நிலைநாட்டுவதே அரங்கேற்றம். திறந்தமூல மென்பொருளுக்கும் அவ்வாறான அவையம் உண்டு. அதன் மூலநிரல் மறைக்கப்படுவதில்லை. உலகின் எம்மூலையில் இருப்பவரும் அதைப் படித்து, “இவ்வரி பிழை” எனக் கூறலாம். அந்த அவையத்தில் நாமும் அமரலாம், நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.

குறியிட்ட ஏடு

ஒரு செய்தியைக் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும்போது, அதில் எது பெயர், எது ஊர், எது எண் என்று தெரியவேண்டும். அதற்கெனச் செய்தியின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் குறி இடும் முறைகளுள் ஒன்று எக்ஸ்எம்எல் ஆகும். <ஊர்>சேலம்</ஊர்> என்று எழுதினால், இடையிலுள்ள சொல் ஓர் ஊரின் பெயர் எனக் கணினி அறியும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் இம்முறையை 1998ஆம் ஆண்டு தரமாக அறிவித்தது. 2002ஆம் ஆண்டு, இவ்வகை ஆவணத்தின் முழுமையையோ ஒரு பகுதியையோ பிறர் படிக்க இயலாதவாறு மறைத்து அனுப்பும் முறைக்கும் தரம் வகுத்தது. அவ்வாறு மறைப்பதை மறையாக்கம் என்றும், மீண்டும் படிக்கத்தக்கதாக்குவதை மறைநீக்கம் என்றும் கூறுவோம்.

தெரியுமா?
எக்ஸ்எம்எல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே மேலே காட்டியதுபோலக் குறிகளின் பெயரையும் தமிழிலேயே எழுதலாம். அது வெறும் எடுத்துக்காட்டன்று, முறைப்படி செல்லத்தக்க ஆவணமே.

இவையெல்லாம் எங்கோ நிகழ்வன அல்ல. நியாயவிலைக் கடையில் நம் வீட்டுப் பெரியவர் விரல்ரேகை வைக்கிறார். அவ்விரல்ரேகைத் தரவு, கருவியிலேயே மறையாக்கம் செய்யப்படுகிறது. மறைக்கப்பட்ட தரவை உள்ளடக்கிய எக்ஸ்எம்எல் ஆவணம் ஆதார் ஆணையத்தின் கணினிக்குச் செல்கிறது. ஆதார் ஆணையம் பின்பற்றும் முறையும் மேலே கூறிய 2002ஆம் ஆண்டுத் தரமும் ஒன்றல்ல, கருத்து ஒன்றே. ராசிபுரத்தில் அரிசி வாங்குவதற்கும் இக்குறியிட்ட ஏடு வேண்டியிருக்கிறது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டியது.

வந்து சேர்ந்த ஏட்டைக் குறிகளின்படி பிரித்துப் பொருள் கொள்ளும் நிரலுக்குப் பகுப்பி என்று பெயர். பிரிப்பது எளிய செயலன்று. தனித்து நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறு பொருளும் தரும் சொல்லைப் பொதுமொழி என்பர். ‘தாமரை’ என்பது மலர். ‘தா + மரை’ எனப் பிரித்தால் தாவும் மான். நாம் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். பகுப்பிக்கு அத்தகைய உலகறிவு கிடையாது. விதி கூறியபடி பிரிக்கும். விதியை எழுதியவர் ஓரிடத்தைக் கவனியாது விட்டிருந்தால், அவ்விடத்தில் தவறாகவே பிரிக்கும். ஒரே ஏட்டை இரண்டு நிரல்கள் இருவேறு வகையாகப் பிரித்தாலோ, விளைவு இன்னும் கடுமையானது.

மணியும் மணிமேகலையும்

2018 பிப்ரவரியில் வெளியான ஒரு வழு இதற்குத் தக்க சான்று. டியோ என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் கெல்பி லுட்விக் அதனைக் கண்டறிந்தார். ஓரிடத்தில் அடையாளத்தை மெய்ப்பித்துவிட்டுப் பல சேவைகளுக்குள் நுழைய உதவும் ‘சாம்ல்’ என்னும் முறையில், “இவர் இன்னார்” என்ற சான்று, மின்கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் ஆவணமாகவே செல்கிறது. அந்த ஆவணத்தைப் படிக்கும் திறந்தமூல நிரலகங்கள் பலவற்றில் ஒரே வழு இருந்தது.

நம் எழுத்தில் வைத்துப் பார்ப்போம். மணிமேகலை என்பவர் தம் பெயருக்கு முறையாகச் சான்று பெறுகிறார். பின்னர் அதில் <பெயர்>மணி<!-- -->மேகலை</பெயர்> என்று, இடையில் வெற்றுக் குறிப்புரை ஒன்றைச் செருகுகிறார். எக்ஸ்எம்எல்லில் அத்தகைய குறிப்புரை மனிதர் படிப்பதற்கானது. கணினி அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி குறிப்புரையை நீக்கிவிட்டு ‘மணிமேகலை’ என்றே படிக்கிறது. கையொப்பம் பொருந்திவிடுகிறது. பெயரை எடுத்துத் தரும் பகுதியோ குறிப்புரை வந்த இடத்திலேயே நின்று, ‘மணி’ என்பதை மட்டும் தருகிறது. இப்போது மணிமேகலை, மணி என்ற மற்றொருவரின் கணக்கிற்குள் நுழைந்துவிடுகிறார். எந்தக் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. கையொப்பமும் போலியன்று.

கண்டறிந்ததைப் போலவே அதைச் சொன்ன முறையும் கவனிக்கத்தக்கது. வழு ஒரு நிரலகத்தில் மட்டும் இருந்திருந்தால் அதன் பொறுப்பாளருக்கு எழுதினால் போதும். பலவற்றில் இருந்தமையால், ஒருவர் திருத்தி வெளியிட்டவுடன் மற்றவற்றின் பயனர்கள் தாக்குதலுக்கு ஆளாவர். எனவே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒருங்கிணைப்பு மையத்தின் வழியாக எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் முன்னரே செய்தி சென்றது. அதன்பின்னரே வழுவின் விவரம் பொதுவெளிக்கு வந்தது.

“படிக்க இயலவில்லை” என்ற விடை

2018ஆம் ஆண்டு வழு கையொப்பத்தைப் பற்றியது. மறையாக்கத்தையே உடைத்த நிகழ்வு அதற்கு முன்பே, 2011ஆம் ஆண்டு நடந்தது. ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தின் திபோர் யாகர், யுராய் சொமொரோவ்ஸ்கி ஆகிய இருவரும், எக்ஸ்எம்எல் மறையாக்கத் தரத்தில் அப்போது பரவலாகக் கையாளப்பட்ட முறையைச் சாவியின்றியே உடைக்கலாம் என்று காட்டினர்.

அவர்கள் சாவியைத் தேடவில்லை. மறைக்கப்பட்ட செய்தியில் சிறு மாற்றம் செய்து, சாவி உள்ள கணினிக்கே அனுப்பினர். அது மறைநீக்கம் செய்து பகுப்பியிடம் கொடுக்கும். எக்ஸ்எம்எல் ஏட்டில் இடம்பெறக்கூடாத எழுத்து ஏதேனும் தோன்றினால் பகுப்பி பிழை என்று கூறும். இல்லையேல் வேறு விடை வரும். வாயே திறக்காத காவலர் ஒருவர், நாம் நீட்டும் ஒவ்வொரு சீட்டிற்கும் தலையை மட்டும் அசைக்கிறார் என்று கொள்க. அந்த ‘ஆம்’, ‘இல்லை’ போதும். ஒரு பைட்டுக்கு 256 வாய்ப்புகள் உள்ளன. ஒவ்வொரு வினாவும் வாய்ப்புகளைச் சரிபாதியாக்கினால் எட்டு வினாக்களில் விடை கிடைத்துவிடும். இவர்களுக்குச் சராசரியாகப் பதினான்கு வினாக்கள் தேவைப்பட்டன. ஒரு பைட்டைக் கண்டுபிடிக்க அது மிகச் சிறிய உழைப்பே.

இங்கு வழு எந்த ஒரு நிரலகத்தின் தனி வரியிலும் இல்லை, தரத்திலேயே இருந்தது. ஆகவே தரம் வகுத்த சேர்த்தியத்திற்கும், பாதிக்கப்பட்ட மென்பொருள்களின் பொறுப்பாளர்களுக்கும் தெரிவிக்கவேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான அடுத்த பதிப்பில், இடையில் எவரேனும் செய்தியை மாற்றினால் மறைநீக்கத்தின்போதே கண்டுகொள்ளும் முறை சேர்க்கப்பட்டது.

சேலம் வந்தது, நாமக்கல் சிதைந்தது

மேற்கூறிய வழுக்களைக் கண்டோர் எம்மொழியினராகவும் இருந்திருக்கலாம். தமிழில் எழுதுவோருக்கு மட்டுமே தென்படும் வழுவும் உண்டு. அதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காண்போம்.

மாணவி ஒருவர் பள்ளித் திட்டப்பணிக்காக, ஊர்ப்பெயர்கள் அடங்கிய நானூறு வரி ஏட்டை ஒரு திறந்தமூல நிரலகத்தால் மறையாக்கம் செய்து, பின் மறைநீக்கம் செய்கிறார். ‘சேலம்’ ஒழுங்காகத் திரும்புகிறது. ‘நாமக்கல்’ சிதைந்து வருகிறது. ஏன்?

பெரிதும் பயன்படும் மறையாக்க முறை, தரவைப் பதினாறு பதினாறு பைட்டுகளாகத் துண்டிட்டு மறைக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் ஒருங்குறி அளிக்கும் குறி ஒவ்வொன்றும், இணையத்தில் பெருவழக்கான குறியேற்றத்தில், மூன்று பைட். ‘சேலம்’ என்பதில் ச, ஏகார உயிர்மெய்க்குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். ஒரு துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ‘நாமக்கல்’ என்பதில் எட்டுக் குறிகள்; இருபத்துநான்கு பைட்டுகள். ஆறாவது குறியாகிய இரண்டாம் ககரத்தின் முதல் பைட் முன் துண்டிலும், எஞ்சிய இரண்டும் பின் துண்டிலும் போய்விடுகின்றன. எல்லாத் துண்டுகளையும் ஒன்றுசேர்த்த பின்னரே நிரலகம் எழுத்தாக மாற்றவேண்டும். இந்நிரலகமோ ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்கிவிட்டுப் பிறகு ஒட்டுகிறது. ககரம் நடுவே அறுபடுகிறது.

ஆங்கிலச் சொல்லை எங்கு வெட்டினாலும் எழுத்து அறுபடாது. ஆங்கிலத்தை மட்டும் இட்டுச் சோதித்தவர் ஆண்டுக்கணக்கில் சோதித்தாலும் இவ்வழு அவர் கண்ணில் படாது. தமிழோ இந்தியோ இட்டவருக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும். அவர் “நமக்குத்தான் கணினி தெரியவில்லை” என்று ஒதுங்கிவிட்டால் வழு அங்கேயே இருக்கும். நாளை அதே நிரலகம் ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ வேறொருவர் பெயரை அறுக்கும்.

அம்மாணவி செய்யவேண்டிய முதற்பணி ஏட்டைக் குறுக்குவது. நானூறு வரிகளைப் பாதியாக்கிச் சோதிக்கவேண்டும். சிதைவு எப்பாதியில் உள்ளதோ அதனை மீண்டும் பாதியாக்கவேண்டும். ஒன்பது முறைக்குள் ஒரே வரி எஞ்சும். பெறுபவர் நானூறு வரிகளைப் படிக்கவேண்டியதில்லை என்பது ஒரு பயன். மெய்யான ஆட்களின் பெயரோ எண்ணோ அறிக்கையில் இடம்பெறாது என்பது அதனினும் பெரிய பயன். ஆதார் எண்ணுடன் கூடிய பட்டியலை அப்படியே இணைத்து வழுவை அறிவிப்பவர், ஒரு வழுவைச் சொல்ல வந்து வேறொரு தீங்கைச் செய்கிறார்.

பின்னர் எழுதவேண்டும். அதன் வடிவம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

தலைப்பு: பதினாறு பைட்டைக் கடக்கும் தமிழ்ச்சொல் மறைநீக்கத்தின்போது சிதைகிறது.
சூழல்: நிரலகத்தின் பதிப்பு எண், இயக்கமுறைமையின் பெயரும் பதிப்பும்.
செய்தது: ‘நாமக்கல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் உடைய ஏட்டை மறையாக்கி, அதே சாவியால் மறைநீக்கினேன். ஏடும் நிரலும் இணைக்கப்பட்டுள்ளன.
எதிர்பார்த்தது: நாமக்கல்.
கிடைத்தது: ‘நாமக்’ என்பதை அடுத்து மூன்று பிழைக்குறிகள், பின்னர் ‘ல்’.
குறிப்பு: ‘சேலம்’ சிதைவதில்லை. ஆங்கில எழுத்துகள் நூறு இருப்பினும் சிதைவதில்லை. துண்டுகள் ஒன்றுசேரும் முன்பே எழுத்தாக மாற்றப்படுகின்றனவோ என ஐயுறுகிறேன்.

கண்டதும் கருதியதும் இங்குத் தனித்தனியே நிற்பதை நோக்குக. கருதியது தவறாயினும் கண்டது நிற்கும். “உங்கள் நிரல் வேலை செய்யவில்லை” என்ற ஒற்றை வரியோ, திரையைப் படம்பிடித்து அனுப்புவதோ போதாது. படத்திலுள்ள எழுத்தை எடுத்து எவரும் மீண்டும் சோதிக்க இயலாது. பொறுப்பாளர்கள் பலரும் அறிந்த ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். எளிய தொடர்கள் போதும். அணியும் அடைமொழியும் வேண்டா.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலையும் சொல்லிவிடவேண்டும். ‘கொல்லிமலை’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்க்கலாம்; அல்லது எகரக்குறி, கால் என இரண்டைச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னது ஆறு பைட், பின்னது ஒன்பது பைட். ஒரு வடிவில் கையொப்பமிட்ட ஆவணத்தை இடையிலுள்ள மென்பொருள் மறு வடிவிற்கு மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. இதை வழுவென அறிவித்தால் என்ன விடை வரும்? எக்ஸ்எம்எல் ஆவணத்தைக் கையொப்பத்திற்கு முன் ஒழுங்குபடுத்தும் தரத்தை வகுத்தோர், இவ்வேறுபாட்டைத் தாம் சீர்செய்வதில்லை என்று தெரிந்தே விட்டுள்ளனர்; அதனைத் தரத்திலேயே எழுதியும் வைத்துள்ளனர். எனவே கையொப்ப நிரலகத்தைப் பொறுத்தவரை இது வழுவமைதி. இடையில் எழுத்தை மாற்றிய மென்பொருளே வழுவுடையது. தரத்தை முதலில் படித்தவர் உரிய கதவைத் தட்டுவார்.

எவரிடம், எப்போது

எழுத்துச் சிதைவு போன்ற வழுவைத் திட்டத்தின் பொதுப் பட்டியலிலேயே பதியலாம். பலரும் பார்ப்பதால் விரைவில் தீரும். பிறர் கணக்கிற்குள் நுழையவோ மறைவைப் படிக்கவோ வழிதரும் வழுவைப் பொதுவில் பதிவது, பூட்டில்லாத வீட்டின் முகவரியைச் சந்தையில் கூவுவதற்கு ஒப்பாகும். எக்ஸ்எம்எல் கையொப்பத்திற்கும் மறையாக்கத்திற்கும் ‘சான்ட்டுவாரியோ’ என்னும் திறந்தமூல நிரலகத்தைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளை, பாதுகாப்பு வழுக்களைத் தனி மின்னஞ்சலில் மட்டுமே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறது. இந்தியாவில் 2004 முதல் இயங்கும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவிடமும் தெரிவிக்கலாம். உலகெங்கும் வழுக்களைக் குறிக்க வழங்கும் பொது அடையாள எண்ணை அளிக்கும் உரிமையும் அக்குழுவிற்கு 2021 முதல் உண்டு.

சோதிப்பதற்கும் எல்லை உண்டு. திறந்தமூல நிரலகத்தை நம் கணினியில் நிறுவி, நம் ஏட்டைக் கொண்டு சோதிப்பதில் தடையில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் பிறருடைய கணினியை இசைவின்றிச் சோதிப்பது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, இசைவின்றி நுழைவோரை இழப்பீட்டிற்குப் பொறுப்பாக்குகிறது. அதனை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும். “நன்மைக்காகவே பார்த்தேன்” என்பது பின்னர் மெய்ப்பிக்க அரிது. முன்னரே இசைவு பெறுக.

இசைவு பெற்ற களத்தில் தமிழர் ஒருவர் செய்த பணி இங்குக் குறிக்கத்தக்கது. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா, 2019ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மீட்கும் முறையில் வழு ஒன்றைக் கண்டார். கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணுக்குப் பத்து இலட்சம் வாய்ப்புகள். ஓர் இணைய முகவரியிலிருந்து ஏறத்தாழ இருநூறு முயற்சிகளையே நிறுவனம் ஏற்றது. ஆனால் முகவரிகள் பலவாயின் தடை செயற்படவில்லை. ஆயிரம் முகவரிகளிலிருந்து இரண்டு இலட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் எவர் கணக்கையும் கைப்பற்றலாம் என்பது கணக்கு. முதல் அறிக்கையில் விவரம் போதாமையால் அந்நிறுவனத்தாரால் அதைத் தம் பக்கம் நிகழ்த்திப் பார்க்க இயலவில்லை. மேலும் மடல்கள் எழுதி, காணொளியும் அனுப்பிய பின்னரே ஏற்றனர். வழுவைத் திருத்தி முப்பதாயிரம் டாலர் பரிசும் அளித்தனர். அந்நிறுவனம் 2011 முதல் இத்தகைய பரிசுத் திட்டத்தை நடத்திவருகிறது.

பெறுபவர்

பெருநிறுவனங்களில் அறிக்கையைப் படிக்க ஊதியம் பெறும் குழு உண்டு. திறந்தமூலத்தில் பெரும்பாலும் அது இல்லை. ‘லிப்எக்ஸ்எம்எல்2’ என்னும் பகுப்பியை எண்ணற்ற மென்பொருள்கள் சார்ந்துள்ளன. ‘எக்ஸ்எம்எல்செக்’ என்னும் கையொப்ப, மறையாக்க நிரலகமும் அதன்மேல் எழுந்ததே. அப்பகுப்பியைத் தன்னார்வத்தில் பேணிவந்த நிக் வெல்ன்ஹோஃபர், 2025ஆம் ஆண்டு, பாதுகாப்பு வழுக்களை இனிப் பிற வழுக்களைப் போலவே நடத்துவதாகவும், வெளியிடாமல் காத்திருக்கும் நிபந்தனைகளை ஏற்பதில்லை என்றும் அறிவித்தார். அவற்றைக் கையாள வாரந்தோறும் பல மணிநேரம் செலவாயிற்று, அதற்கு ஊதியமில்லை. அப்பகுப்பியால் பொருளீட்டும் பெருநிறுவனங்களை நோக்கி அவர் எழுப்பிய குறையில் நியாயம் உண்டு.

போலி அறிக்கைகள் இச்சுமையைக் கூட்டுகின்றன. ‘கர்ல்’ என்னும் திறந்தமூலக் கருவியின் ஆசிரியர் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்டு, இல்லாத வழுவை இருப்பதாகக் கூறும் அறிக்கைகள் தம் குழுவின் நேரத்தை உறிஞ்சுவதாகப் பலமுறை எழுதியுள்ளார். தானே ஒருமுறையும் நிகழ்த்திப் பாராத வழுவை எழுதியனுப்புவது, தன்னார்வலர் ஒருவரின் மாலைப்பொழுதைத் திருடுவதாகும்.

நல்ல அறிக்கை கிடைத்தாலும் விடை உடனே வராது. வாரங்கள் ஆகலாம். பாதுகாப்பு வழுவாயின், தொண்ணூறு நாள்கள் வரை பொறுத்திருந்து, அதன்பின் வெளியிடுவது பலர் பின்பற்றும் முறை. இடையில் ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம். வழுவின் காரணத்தோடு திருத்தத்தையும் எழுதி இணைத்தால், பொறுப்பாளர் அதைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார். அத்துடன் ‘நாமக்கல்’ என்ற சொல்லையே சோதனைச் சொல்லாகச் சேர்க்குமாறு வேண்டலாம். அவ்வாறு சேர்த்துவிட்டால், அந்நிரலகத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவருமுன் அச்சொல் ஒருமுறை மறைந்து, ஒருமுறை மீளும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரில் எத்தனை ஒருங்குறிக் குறிகள் உள்ளன? அது பதினாறு பைட்டுகளுக்குள் அடங்குமா? வகுப்பிலுள்ள அனைவரின் ஊர்ப்பெயர்களையும் கணக்கிட்டுப் பட்டியலிடுக.

2. நீங்கள் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு மென்பொருளில் தமிழ் எழுத்துப் பிழையாகத் தோன்றும் இடத்தைக் கண்டு, பாடத்தில் உள்ள வடிவில் வழு அறிக்கை எழுதுக. கண்டதையும் கருதியதையும் தனித்தனியே குறிப்பிடுக.

3. ‘வேங்கை’, ‘எட்டு’, ‘பலகை’ ஆகிய பொதுமொழிகளைப் பிரித்துப் பொருள் கூறி, கணினி இவற்றைத் தவறாகப் பிரித்தால் நேரக்கூடிய குழப்பங்களைக் கலந்துரையாடுக.